காளவாசலும் கடலடியும்

நான் குடியிருக்கும் இடத்துக்குப் பெயர் காளவாசல். காளவாசல் என்றால் சூளை. மதுரையின் இந்தப் பக்கத்தில் இன்று சூளை இல்லை, மேம்பாலமும் பஸ்களும்தான் இருக்கின்றன. கடலுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இருக்க முடியாது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மண்டபத்தில் இடிந்த வீடொன்றின் சுவரில் முருகைக்கல்லைப் பார்த்தபோது அந்த எண்ணம் போயிற்று. கடலில் உயிராக இருந்தபோது கொண்டிருந்த வரிகளும் துளைகளும் கல்லில் அப்படியே இருந்தன. சுவருக்குப் போனது போக, மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த கல் காளவாயில் வெந்து சுண்ணாம்பாயிற்று. நம் பவளப்பாறையின் வரலாற்றில் ஒரு பாதி சூளையின் வரலாறு. மறு பாதி, கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்களுடையது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

கடலடியைப் பார்ப்பதற்கென்றே பிரயாணம் செய்கிறவர்கள் இப்போது உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பார்த்த மீன்களைக் குறித்து விஞ்ஞானிகளிடம் ஒப்படைக்கிறார்கள். ஃப்ளாரிடாவில் 1990-இல் தோன்றிய ரீஃப் என்ற அமைப்பு 1993 முதல் இதை ஒரு முறையாக நடத்திவருகிறது. சம்பளம் கிடையாது, செலவும் அவரவருடையது. மூழ்கியவர் இஷ்டம்போல் நீந்தலாம். தெளிவாக இனம் கண்ட மீனை மட்டும் எழுதவேண்டும். எண்ணிக்கைக்கு நான்கு படிகள்: ஒன்று, இரண்டு முதல் பத்து, பதினொன்று முதல் நூறு, நூறுக்கு மேல். அவ்வளவுதான்.

நாள் முழுவதும் பணம் எண்ணும் எனக்கு இந்தக் கணக்கு முதலில் சிரிப்பை மூட்டியது. பதினொன்றுக்கும் நூறுக்கும் ஒரே பத்தியா? பிறகு புரிந்தது. ஓடும் மீனைத் துல்லியமாக எண்ண முடியாது. முடிந்ததாகச் சொல்வதுதான் பொய். ஒருவர் கண் தவறலாம். ஒரே பாறையில் பலர் பல ஆண்டுகள் இறங்கி எழுதும்போது தனிப்பட்ட பிழைகள் கரைந்து, மீன் கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கு தெரிந்துவிடும்.

பலனும் உண்டு. கரீபியக் கடலின் நாஸோ களவா குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி ஓரிடத்தில் திரண்டு முட்டையிடும். இடம் தெரிந்துவிட்டால் சில பருவங்களில் ஒரு கூட்டமே தீர்ந்துபோகும். லிட்டில் கேமன் தீவருகே 2001-இல் அப்படியொரு கூட்டம் தென்பட்டது. பிடிக்கவும் தொடங்கினார்கள். 2003-இல் தடை வந்தது. அரசாங்கமும் விஞ்ஞானிகளும் ரீஃப் தொண்டர்களும் ஆண்டுதோறும் இறங்கி எண்ணினார்கள். அங்கே களவா மும்மடங்குக்கு மேல் பெருகியிருப்பதாக 2020-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எண்ணுவது மீனைக் காப்பாற்றாது. எண்ணிக்கை இல்லாவிட்டால் தடை நீடித்திருக்குமா என்பது வேறு கேள்வி.

நம் கரைக்கு வருவோம். எண்ணுவதற்காக மூழ்குவது இங்கே புதிதல்ல. முத்துப் பார்களை வெள்ளைக்கார அரசாங்கம் குளியாளிகளைக் கொண்டு சோதித்தது. ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி என்று எண்ணி, அதிலிருந்து குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்தது. சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் இந்த முத்து, சங்குக் குளிப்புகளைப் பற்றியும் வளைகுடாவின் உயிரினங்களைப் பற்றியும் 1890-இல் நூல் வெளியிட்டார். கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கி மூச்சடக்கித் தடவியவன் கண்ணில் மீனும் பட்டிருக்கும், பவளமும் பட்டிருக்கும். கணக்கில் ஏறியது சிப்பி. வருமானம் எதில் இருந்ததோ அது எண்ணப்பட்டது.

வேடிக்கைக்காக மூழ்கும் மரபு நமக்கருகே இலங்கையில் தொடங்கியது. ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் 1956-இல் அங்கே வந்தார்கள். ராட்னி ஜோன்க்ளாஸ் ஏற்கெனவே அந்தக் கடலை அறிந்தவர். திருகோணமலையில், போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளை வில்சன் நீருக்கடியில் கண்டார். கிளார்க்கின் புத்தகம் 1957-இல் வந்தது. ஜோன்க்ளாஸ் ஈட்டி வேட்டையில் பெயர் பெற்றவர். அலங்கார மீன் பிடித்து ஏற்றுமதி செய்வதிலும் முன்னோடி. இது முரண்பாடு அல்ல. வேட்டைக்காரனின் கண்தான் முதலில் மீனுக்கு மீன் வித்தியாசம் கண்டது. கையிலிருந்த ஈட்டி பின்னால் காமிராவாயிற்று, அதற்கும் பின்னால் பென்சிலாயிற்று.

இந்தப் பக்கம் அதே காலத்தில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் நாகப்பன் நாயரும் மகாதேவனும் காற்றுக்கலம் சுமந்து இறங்கினார்கள். முத்துப் பார்களின் அடிமட்டத்தைத் தாமே கண்டு எழுதிய விஞ்ஞானிகள் அவர்கள். 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளப்பாறை பற்றிய சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. இன்று உலகப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுதான். அந்த நாட்களில் வளைகுடாவில் முருகைக்கல் வெட்டுவது நடந்துகொண்டேதான் இருந்தது.

1986-இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. கல்லை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். பாறை அலையைத் தடுக்கும். பாறை போனால் மணல் போகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது தனிக் கதை. இதற்குச் சூளை இங்கே இருக்கவேண்டியதில்லை.

பூங்கா வந்தபின் தீவுகளுக்குப் போவது குற்றமாயிற்று. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் தலைமுறையாக அங்கே பாசி எடுத்தவர்கள். விரலில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, காற்றுக்கலம் இல்லாமல் மூழ்குகிறவர்கள். பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். 2015-இல் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு ஸீகாலஜி பரிசு கிடைத்தது. பரிசு வேறு, அனுமதி வேறு.

பாசி எடுக்கும் ஒருவரிடம் கேட்டேன்: "பாறைல மீன் எத்தனைன்னு எண்ணுவீங்களாக்கா?"

"எண்ணி என்ன செய்ய தம்பி? முன்னே இருந்துச்சு, இப்ப இல்லைன்னா கண்ணுக்குத் தெரியாதா?"

ரீஃப் தொண்டரின் படிவம் கடைசியில் கேட்பதும் இதைத்தான். இனம் எது, இருக்கிறதா, முன்னைவிடக் குறைவா. ஒருவர் வாக்கு விஞ்ஞானத்துக்குச் சான்றாகிறது. மற்றவர் வாக்கு வழக்கில்கூட ஏறுவதில்லை. வித்தியாசம் அறிவில் இல்லை, பேரேடு யார் கையில் என்பதில் இருக்கிறது. பிரயாணம் செய்து வரும் தொண்டரை நான் குறை சொல்லவில்லை. கூலியில்லாத வேலையை மதிக்காதவன் இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் அவர் வருஷத்தில் பத்து நாள் பார்க்கிறார். அந்த அக்கா நாற்பது வருஷம் பார்த்திருக்கிறார். கிளி மீன், ஓரா, விளமீன், களவா என்று இரண்டு கணக்கையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதினால் என்ன ஆகும்? அப்படி எழுத எவ்வளவு செலவாகிவிடும்?

எனக்கு நீச்சல் தெரியாது. வைகை கற்றுத்தரவில்லை. கண்ணாடி பதித்த படகில் குனிந்து ஒரு முறை பார்த்தேன். நீல மீன் ஒன்று போயிற்று, பெயர் தெரியவில்லை. தெளிவாக இனம் கண்டதை மட்டும் எழுதவேண்டும் என்பதால் எழுதவில்லை. பக்கத்திலிருந்த படகுக்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அது உறைத்தது.