மூன்று மில்லிமீட்டர்

என் தம்பி மகள் எம்.எட். படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. "பெரியப்பா, என் தலைப்பை கைடு மூணாவது தடவையா திருப்பிட்டார்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். "அரசுப் பள்ளி மாணவர் ஏன் படிப்பில் பின்தங்குகின்றனர்?" என்பது கேள்வி. கீழே 'மாறிகள்' என்று பதினான்கு இனங்கள். தகப்பன் வருமானம், தாய் படிப்பு, பள்ளி தூரம், ஊட்டம், கைப்பேசி, ஆசிரியர் அணுகுமுறை என்று நீண்டுகொண்டே போயிற்று. ஓரத்தில் கைடு சிவப்பு மையில் எழுதியிருந்தார்: எதை அளக்கப் போகிறாய்? எதோடு ஒப்பிடப் போகிறாய்?

நான் ஆராய்ச்சி செய்தவன் அல்லன். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் கட்டம் போட்ட தாளை நிரப்பிப் பிழைத்தவன். இவர்கள் மாறி என்பது எங்கள் பாஷையில் ஒரு பத்தி. ஆளுக்கு ஆள் எது வேறுபடுகிறதோ அதற்கு ஒரு கோடு கிழித்து, தலைப்பு எழுதி, கீழே எண் போடுவோம். அந்தத் தலைப்பை யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று வேலையில் இருந்தவரை நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பிரெஞ்சு தெரிந்தவன் என்பதற்காக ஒரு நண்பர் கொடுத்த பழைய புத்தகம் ஒன்றைப் படித்தபோதுதான் கேட்கத் தோன்றியது. அதை எழுதியவர் ஆல்ஃப்ரெட் பினே. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பினே 1857-இல் நீஸ் நகரில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்து தானாக மனவியல் கற்றவர். இளமையில் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற பெரிய டாக்டரின் நிழலில் இருந்தார். மயக்க நிலையில் உள்ள நோயாளியிடம் காந்தத்தைக் கொண்டுபோனால் நோய்க்குறி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாவும் என்று எழுதினார். பெல்ஜியத்துக்காரர் தெல்பேஃப் அதைச் சோதித்து, நோயாளிகள் டாக்டர் எதிர்பார்ப்பதைத்தான் செய்கிறார்கள், காந்தத்துக்கு அதில் வேலையில்லை என்று நிரூபித்தார். பினே பின்னால் தவறை ஒப்புக்கொண்டார். அந்த அவமானம் அவரை விட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன். நல்லதற்குத்தான்.

அந்தக் காலத்தில் புத்தி எவ்வளவு என்று அறியத் தலையை அளப்பார்கள். பெரிய மண்டை, பெரிய புத்தி. 1898 வாக்கில் பினேயும் அதை நம்பினார். பள்ளிகளுக்குப் போய், முதல் தரமான பிள்ளைகளையும் கடைசித் தரமானவர்களையும் காட்டும்படி ஆசிரியர்களைக் கேட்டு, தலை தலையாக அளந்தார். பார்த்தால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் நின்றது. சில அளவுகளில் அதுவும் இல்லை.

சரி, இன்னும் கடைக்கோடியில் பார்ப்போம் என்று தியோடர் சிமோன் என்ற இளம் டாக்டருடன் சேர்ந்து, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் இருந்த ஒரு விடுதியில் அளந்தார். அங்கே ஒரு சங்கடம். ஒரே தலைக்கு சிமோன் எடுத்த அளவு, பினே எடுத்ததைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. பினே திரும்பப் போய் அதே தலைகளை மறுபடியும் அளந்தார். இந்தத் தடவை அவர் அளவும் குறைந்தது. ஒரு தலையைத் தவிர மற்றதெல்லாம் 'சுருங்கி'விட்டன. சராசரி மூன்று மில்லிமீட்டர்!

தலை சுருங்குமா? குறைய வேண்டும் என்று மனம் எதிர்பார்த்தது, கை குறைத்துக் கொடுத்தது. அவர் தேடிப் போன வித்தியாசத்தைவிட அவருடைய கை செய்த தப்பு பெரிதாக இருந்தது. வேறொருவராக இருந்தால் முதல் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். அலுவலகத்தில் மறுகணக்கு எடுத்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கலை தெரியும். பினே தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டதை அப்படியே அச்சில் போட்டார். மண்டையை அளக்கும் பத்தியை அடித்துவிட்டு வேறு வழி தேடினார்.

தேவை தானாக வந்தது. 1882-இல் ழூல் ஃபெரி கொண்டுவந்த சட்டத்தால் பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டியதாயிற்று. வகுப்போடு ஓட முடியாதவர்களும் வந்தார்கள். 1904-இல் கல்வி மந்திரி ஒரு குழு போட்டார். லெயோன் பூர்ழுவா தலைவர், பினே ஓர் உறுப்பினர். சோதிக்காமல் எந்தப் பிள்ளையையும் தனி வகுப்புக்குத் தள்ளக் கூடாது என்று குழு தீர்மானித்தது. ஆனால் எப்படிச் சோதிப்பது? டாக்டர் சான்றிதழ்களை பினே ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பிள்ளைக்கு ஓர் இடத்தில் ஒரு பட்டம், வேறிடத்தில் வேறு பட்டம். தொல்லை கொடுக்கும் பிள்ளையைக் கழித்துக்கட்ட இதையே சாக்காகச் சில ஆசிரியர்கள் பயன்படுத்துவார்கள் என்றும் எச்சரித்தார்.

இப்போது அவர் கேள்வி எப்படிச் சிறுத்தது பாருங்கள். 'புத்தி என்றால் என்ன?' என்று கேட்கவில்லை. 'இந்த வயதுப் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்வதை இந்தப் பிள்ளை செய்கிறதா?' அவ்வளவே. 1905-இல் முப்பது சோதனைகள் வெளிவந்தன. எரியும் தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா என்பதில் தொடங்கி, மதிப்புக்கும் பிரியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பது வரை. எழுத, படிக்கத் தேவைப்படும் எதையும் வேண்டுமென்றே விட்டார்கள். சொல்லிக் கொடுக்கப்படாதது ஒன்று, புரியாதது வேறொன்று. இரண்டும் ஒரே எண்ணில் கலந்துவிடக் கூடாது.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விதி. ஒன்பது வயதுக்குக் கீழே இரண்டு வகுப்பும், அதற்கு மேல் மூன்று வகுப்பும் பிந்தியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார்கள். அதிலும், பிள்ளை பள்ளிக்கு வராத காலத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். வராதவன் பிந்துவது இயல்பு.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்குப் பத்து வயதில் டைபாய்டு வந்து மூன்று மாதம் படுத்தேன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மறு வருடமும் அதே வகுப்பில் உட்கார்த்தினார்கள். கார்னேயில் 'மந்தமான மாணவன்' என்று எழுதியிருந்தது. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அவர் ஏதாவது திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றும்.

பினேக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. பக்கலோரெயா தேர்வில் அவர் சொன்ன பதிலைக் கேட்டுக் கோபப்பட்ட ஒருவர், இவனுக்குத் தத்துவ அறிவு என்றைக்குமே வராது என்றாராம். 1909-இல் எழுதிய புத்தகத்தில் அதை நினைவுகூர்ந்து, புத்தி கூட்ட முடியாத நிலையான சரக்கு என்று சொல்பவர்களைக் கடுமையாக எதிர்த்தார். தனி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவனப் பயிற்சிகள் வகுத்தார். சிலை போல அசையாமல் நிற்கும் விளையாட்டு அதில் ஒன்று.

1908-இல் சோதனைகளை வயது வாரியாக அடுக்கினார். மூன்று வயதில் மூக்கு, கண், வாய் காட்ட வேண்டும். நான்கில் சாவி, கத்தி, காசு பெயர் சொல்ல வேண்டும். பிரஸ்ஸல்ஸில் டெக்ரோலியும் தெகானும் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் இதைப் போட்டுப் பார்த்தபோது, அவர்கள் பாரிஸ் ஏழைப் பிள்ளைகளைவிட முன்னே நின்றார்கள். வீடு என்ற ஒரு பத்தி விட்டுப்போனது தெரிந்தது. பினே அதையும் மறைக்கவில்லை. 1911-இல் காலமானார்.

பிறகுதான் எண் தனியே நடக்கத் தொடங்கியது. 1912-இல் ஜெர்மானியர் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்தார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். நுண்ணறிவு ஈவு பிறந்தது. யாருக்கு உதவி வேண்டும் என்று அறியச் செய்த கருவி, யார் மட்டம் என்று முத்திரை குத்தும் கருவியாயிற்று. நம் நாட்டில் காமத் என்பவர் 1930-களில் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்காக அதை மாற்றி அமைத்தார். பினே-காமத் சோதனை என்ற பெயரைக் கோப்புகளில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன்.

அப்படி ஒரு கோப்பு. உதவித்தொகைக்கு 70-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஒரு மீனவப் பெண்ணின் மகனுக்கு 71. திருப்பி அனுப்பும் குறிப்பை எழுதியது நான். எட்டு மாதம் கழித்து வேறொரு சான்றுடன் அந்த அம்மா வந்தார், அதில் 66. சட்டைப் பொத்தானைக்கூடத் தாய்தான் போட்டுவிட வேண்டும் என்ற நிலையில் இருந்த அதே பையன். உதவி கிடைத்தது. எட்டு மாதப் பணம் போனது போனதுதான். அளந்தவரின் கை எவ்வளவு ஆடும் என்று அந்தப் பத்தியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

பினே ஆய்வு செய்த க்ராஞ்-ஓ-பெல் தெருப் பள்ளிக்கு, முதல் உலகப் போர் முடிந்த பிறகு ழான் பியாழே என்ற சுவிஸ் இளைஞர் வந்தார். சிமோன் கொடுத்த வேலை, ஒரு ஆங்கிலேயரின் வினாக்களைப் பாரிஸ் பிள்ளைகளுக்குப் பொருத்துவது. சரியான விடைகளை எண்ணினால் போதும். அவருக்கோ தப்பான விடைகள் மேல் கண் போயிற்று. ஒரு வயதுப் பிள்ளைகள் ஏன் ஒரே மாதிரித் தப்புச் செய்கிறார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அவர் வாழ்நாள் முழுதும் நடந்தார்.

தம்பி மகள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கில் பன்னிரண்டை அவளே அடித்தாள். ஐந்தாம் வகுப்பு, இரண்டு பள்ளிகள், ஒரு பருவம். பிள்ளை வராத நாட்கள் எத்தனை, ஒரு நிமிடத்தில் எத்தனைச் சொற்களைச் சரியாக வாசிக்கிறது. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் உண்டா என்று தனியே கேட்டுக் குறித்துக்கொள்வாள். வராத நாள் வருகைப் பதிவேட்டில் கிடைக்கும்.

"வாசிப்பை யாரம்மா அளப்பது?" என்றேன்.

"நான்தான்."

"பதிவேட்டைப் பார்த்த பிறகா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். வாசிப்புச் சோதனையைத் தோழி ஒருத்தி செய்வாள், பதிவேட்டை அவளுக்குக் காட்டுவதில்லை என்று முடிவாயிற்று. கைடு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம்.