பச்சை அட்டையும் பிளாஸ்டிக் பையும்

என் அக்கா வீட்டுக்காரர் பழைய சொல்தா. பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பச்சை அட்டை இருக்கும். 'கார்த் வித்தால்' என்பார்கள். பிரான்சில் உறவு உள்ள நம் புதுச்சேரி வீடுகளில் பலரும் அதைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புண்ணியத்தில் அந்த ஊர்ப் பத்திரிகைகளை இன்றும் வாசிக்கிறேன். அதில் தெரிந்துகொண்ட கதை இது.

முன்பெல்லாம் அங்கே டாக்டருக்குப் பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதைத் தபாலில் காப்பீட்டு அலுவலகத்துக்கு, அதாவது 'கேஸ்'ஸுக்கு, அனுப்பினால் பிறகு பணம் திரும்பி வரும். வருஷத்துக்குச் சுமார் 100 கோடி படிவங்கள்! குமாஸ்தாவாக இருந்தவனுக்குத்தான் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

1996 ஏப்ரலில் ழுப்பே அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1998 முடிவதற்குள் டாக்டர்கள் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. 1998இல் அட்டையும் வந்தது. ஆனால் டாக்டர்கள் பலர் முரண்டு பிடித்தார்கள். "கேஸ் குமாஸ்தா செய்யும் வேலையைச் சம்பளமில்லாமல் நாங்கள் ஏன் செய்ய வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருந்தது. மிச்சமான உழைப்பு கேஸுக்கு, கூடுதல் உழைப்பு டாக்டருக்கு. மருந்துக்கடைக்காரர்களோ சீக்கிரம் மாறிவிட்டார்கள். கேஸிடமிருந்து வர வேண்டிய பணம் அவர்களுக்கு விரைவாக வந்ததே காரணம்.

அடுத்தது பெரிய கனவு. ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னணு மருத்துவக் கோப்பு. சுருக்கமாக 'தே-எம்-பே'. 2004 ஆகஸ்ட் 13ஆம் தேதி சட்டமானது. 2007க்குள் எல்லோருக்கும் என்றார்கள். அது திறக்கவே 2011 ஆகிவிட்டது. நடுவில் நடந்த சண்டைகளில் ஒன்று கேளுங்கள். நோயாளி தனக்குப் பிடிக்காத தகவலைக் கோப்பில் மறைத்துக்கொள்ளலாமா? 'என் உடம்பு, என் ரகசியம்' என்றது ஒரு தரப்பு. 'பாதி மறைத்த கோப்பை நம்பி நான் எப்படி மருந்து எழுதுவது?' என்றார்கள் டாக்டர்கள். இரண்டுமே சரிதானே! எந்தக் கம்ப்யூட்டர் இதற்குத் தீர்ப்புச் சொல்லும்?

2015 வாக்கில், ஆறு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள நாட்டில், திறந்திருந்த கோப்புகள் ஆறு லட்சம் அளவில்தான். அவற்றிலும் பல காலி. செலவோ 2012க்குள்ளேயே குறைந்தது 21 கோடி யூரோ என்று அந்நாட்டுத் தணிக்கை மன்றம் கண்டித்தது.

அதே காலத்தில் மருந்தாளுநர் சங்கம் ஒரு சின்னக் கோப்பு தொடங்கியது. 2007இல் அதற்குச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் கடந்த நாலு மாதம் வாங்கிய மருந்துகள் மட்டும் அதில் இருந்தன. ஒன்றோடு ஒன்று சேராத மருந்துகள் உடனே கண்ணில் படும். அவர்கள் தனியாக எதையும் தட்டெழுத வேண்டியதில்லை. சில வருஷங்களில் இரண்டு கோடிக்கு மேல் கோப்புகள் சேர்ந்துவிட்டன. எழுதுகிறவனுக்கே பயன்பட்டால் கோப்பு நிறையும். இல்லாவிட்டால் காலியாகவே கிடக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஆபீசில் 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. 'அதிலும் ஏற்று, பேரேட்டிலும் எழுது' என்று உத்தரவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? மாதம் முழுக்கப் பேரேட்டில் எழுதிவிட்டு, கடைசி நாளில் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றினேன். மேலதிகாரியின் அறிக்கையில் எல்லாம் சரியாகவே இருந்தது. மாத நடுவில் யாராவது கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தால் அதில் ஒன்றும் இருந்திருக்காது. யாரும் பார்க்கவில்லை. அது ஆஸ்பத்திரிக் கணக்காக இருந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் கூசுகிறது.

சில வருஷங்களுக்கு முன் மாமாவுக்கு ராத்திரியில் நெஞ்சுவலி. பச்சை அட்டையை நீட்டினார்கள். பணம் யார் கட்டுவது என்பது அதில் தெரிந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியவில்லை. அக்கா பழைய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். டாக்டர் அதைத்தான் கட்டில்மேல் கொட்டிப் பார்த்தாராம். மாமா பிழைத்தார்.

பிரான்சில் 2022 முதல், வேண்டாம் என்று சொல்லாத எல்லோருக்கும் கோப்பு தானாகவே திறக்கப்படுகிறது. நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2020இல் மத்திய அரசு சுகாதார அடையாள எண் திட்டத்தை முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில்தான் தொடங்கியது. அதில் நம் புதுச்சேரியும் ஒன்று. 14 இலக்க எண் என்னிடமும் இருக்கிறது. எண் கொடுப்பது சுலபம். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது, அந்த எண்ணுக்குள் யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? அவர்களுக்கு அதில் என்ன பயன்?

அதற்குப் பதில் கிடைக்கும்வரை, நண்பர்களே, வீட்டுச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு பையில் வைத்திருங்கள். நானும் வைத்திருக்கிறேன்.