அந்நிய பாஷை: அந்த ஒலிகள் எங்கிருந்து வருகின்றன?

பெந்தெகொஸ்தே ஆராதனையொன்றில் ஒருமுறையாவது இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஜெபம் உச்சத்தை அடையும்போது, பேசுபவருக்கே பொருள் தெரியாத சொற்கள் வேகமாகக் கொட்டும். சபையார் இதனை அந்நிய பாஷை என்பர். கத்தோலிக்கரின் விவிலியத்தில் இது பரவசப் பேச்சு. போருக்குப் பின் வடக்கில் இச்சபைகளை நாடிப் போனவர்கள் பலர். அதனால் 'இது மொழியா, நடிப்பா' என்ற வாக்குவாதம் சில வீடுகளுக்குள்ளும் நடக்கிறது.

1906 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அசூசா வீதியில் எழுப்புதல் தொடங்கியபோது, இவை உண்மையான வெளிநாட்டு மொழிகள் என்றே பலர் நம்பினார்கள். வங்காளம் தனக்கு அருளப்பட்டதாக நம்பிக் கல்கத்தாவுக்கு வந்தார் அல்பிரட் கார். அம்மொழியில் போதிக்க அவரால் முடியவில்லை.

ரொறன்ரோ பல்கலைக்கழக மொழியியலாளர் வில்லியம் சமரின் இத்தாலி, நெதர்லாந்து, ஜமெய்க்கா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இதனைக் கேட்டு ஆராய்ந்து, 1972 இல் நூலாக்கினார். பேசுபவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒலிகளே வருகின்றன என்பது அவர் கண்ட முடிவு. தாய்மொழி ஒலிகள் அத்தனையும்கூட வருவதில்லை; சிலவே திரும்பத் திரும்ப வரும். அசைகள் பெரும்பாலும் எங்கள் உயிர்மெய் எழுத்தைப்போல ஒரு மெய்யும் ஓர் உயிருமாக இருக்கும். சிலவேளை, தாய்மொழிபோலத் தெரியக்கூடாது என்பதாலோ என்னவோ, எங்கோ கேட்ட பிறமொழி ஒலியொன்றும் கலந்துவிடும். ஆனால் ஏற்ற இறக்கமும் தாளமும் இடைநிறுத்தமும் உண்மையான பேச்சுக்குரியவை. அதனால்தான் வெளியே நின்று கேட்பவருக்கு யாரோ தெரியாத மொழியில் பேசுவதுபோலப் படுகிறது. இந்த ஒலிக்கு இந்தப் பொருள் என்ற பிணைப்பு மட்டும் அங்கு இல்லை.

மானிடவியலாளர் ஃபெலிசிட்டாஸ் குட்மன் மெக்சிக்கோவின் யுகட்டானில் மாயா மொழி பேசுவோரிடமும், ஸ்பானிய, ஆங்கில மொழியினரிடமும் ஒலிப்பதிவு செய்தார். எல்லோரிடமும் குரல் ஏறி உச்சம் தொட்டு மெல்லச் சரிந்தது. பரவச நிலையே காரணம் என்றார் அவர். சமரின் அதை ஏற்கவில்லை. முழு நினைவோடும் இப்படிப் பேசலாம் என்றார். எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது.

ஆனாலும் நடிப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2006 இல் அமெரிக்காவில் அன்ட்ரூ நியூபேர்க் குழு 5 பெண்களின் மூளையைப் படமெடுத்தது. பக்திப்பாடல் பாடும்போது இருந்ததைவிட, அந்நிய பாஷை பேசும்போது மூளையின் முன்பகுதியில் செயற்பாடு குறைந்திருந்தது. தாங்கள் அதனைக் கட்டுப்படுத்துவதில்லை என்று பேசுபவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. இவர்கள் மனநலம் குன்றியவர்கள் என்ற பேச்சைச் சமரினும் ஏற்கவில்லை.