பட்டாளத்து வண்டிகளின் மறுவாழ்வு

பழமையைப் போற்றுவதில் நம் நாட்டினர் எவருக்கும் பின்வாங்கியவர் அல்லர். கல்லிற் செதுக்கியதையும், செப்பேட்டிற் பொறித்ததையும், ஓலையில் எழுதியதையும் சரித்திரச் சான்றுகளாகக் கொண்டு காத்து வருகிறோம். ஆனால் இரும்பாலும் ரப்பராலும் ஆன சான்றுகள் சில நம் வீதிகளிலேயே நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டாம் உலக யுத்தத்திற்கெனச் செய்யப்பட்டு, யுத்தம் முடிந்த பின்னர் இந்நாட்டிலேயே தங்கிவிட்ட ஜீப்புகளையும் மோட்டார் சைக்கிள்களையுமே இங்கே குறிப்பிடுகிறோம். அவற்றைத் தேடிப் பிடித்து, செப்பனிட்டு, பாதுகாத்து வரும் அன்பர்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றனர். அவர்கள் முன் ஒரு கேள்வி நிற்கிறது. எண்பது வயதான வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால், எந்தப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது? இதற்கு விடை காண வேண்டுமானால் அவ்வண்டிகள் வந்த வழியை முதலில் அறிதல் வேண்டும்.

1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம், வேவு பார்க்கவும் செய்தி கொண்டு செல்லவும் ஏற்ற இலேசான வண்டி ஒன்று வேண்டுமெனக் கருதி 135 கம்பெனிகளுக்கு அழைப்பு விடுத்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனி, முதல் மாதிரி வண்டியை 49 நாட்களில் செய்து கொடுத்தது. ஆயினும், பல்லாயிரக்கணக்கில் செய்து தருதல் அச்சிறு கம்பெனிக்கு இயலாதென ராணுவத்தினர் கருதினர். ஆகவே பெரும்பகுதி வேலை வில்லிஸ், போர்டு ஆகிய கம்பெனிகளுக்குச் சென்றது. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. யந்திரத்தின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும்படி அமைந்திருந்தமையால், மற்ற வண்டிகள் சேற்றில் அமிழ்ந்து நின்ற இடத்தையும் ஜீப் கடந்து சென்றது.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இந்தியாவின் கிழக்கெல்லை போர்முனையாயிற்று. அஸ்ஸாமிலுள்ள லேடோவிலிருந்து காட்டையும் மலையையும் வெட்டிப் புதிய சாலை ஒன்று போடப்பட்டது. அது பழைய பர்மாச் சாலையோடு இணைந்து, சீனத்தின் குன்மிங் நகர் வரை 1,079 மைல் நீளமுள்ள வழியாயிற்று. 1945 ஜனவரி 12ஆம் நாள் லேடோவிலிருந்து புறப்பட்ட முதல் வண்டித் தொடர், பிப்ரவரி 4ஆம் நாள் குன்மிங்கை அடைந்தது. இத்தகைய வழிகளில் உழைப்பதற்கென்றே ஏராளமான வண்டிகள் கடல் கடந்து இந்நாட்டில் வந்திறங்கின. செய்தி கொண்டு செல்லும் வீரர்களுக்காகப் பி.எஸ்.ஏ., நார்ட்டன், மாட்ச்லெஸ் முதலிய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களும், அமெரிக்க ஹார்லி டேவிட்சனும் வந்தன. பி.எஸ்.ஏ. கம்பெனியின் எம்-20 என்னும் வகையில் மட்டும் 1,20,000க்கு மேற்பட்ட வண்டிகள் யுத்தத்திற்கெனச் செய்யப்பட்டன.

யுத்தம் முடிந்தது. வந்த வண்டிகளையெல்லாம் மீண்டும் கப்பலேற்றி அனுப்புவதானால் செலவு மிகும். 1946 மே மாதத்தில் இரு நாட்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இங்கே எஞ்சியிருந்த அமெரிக்க யுத்தச் சரக்குகள் இந்திய அரசாங்கத்தின் வசமாயின. இவ்வாறு மிஞ்சிய வண்டிகள் பல ஏலத்திற்கு வந்தன. தேயிலைத் தோட்டத்தாரும், காட்டுக் குத்தகைக்காரர்களும், பண்ணையாரும், வாடகை வண்டி ஓட்டுவோரும் அவற்றை வாங்கினர். பட்டாளத்து வண்டி குடித்தனக்கார வண்டியாயிற்று.

டில்லியில் நீண்டகாலம் வாழ்ந்த தமிழன்பர்கள் ‘பட்பட்டி’ என்னும் வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். யுத்தத்தில் கழிந்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு, பலர் அமரத்தக்க இருக்கைகளும் கூரையும் கொண்ட பின்பாதியைப் பொருத்திச் செய்த வாடகை வண்டி அது. பழைய டில்லிக்கும் கன்னாட் பிளேஸுக்கும் இடையே பேரொலி எழுப்பிக்கொண்டு ஓடியது. காலப்போக்கில் அமெரிக்க யந்திரங்கள் தேய்ந்து, அவற்றின் இடத்தில் டீசல் யந்திரங்கள் ஏறின. 1998இல் உச்ச நீதிமன்றம் காற்று மாசு கருதி 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாடகை ஊர்திகளைத் தலைநகரிலிருந்து விலக்கியபோது அவற்றின் காலமும் முடிவுற்றது. அரை நூற்றாண்டு டில்லியைச் சுமந்த அவ்வண்டிகளுள் பெரும்பாலானவை பழைய இரும்பாயின.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மேல்நாட்டில் பல வண்டிகள் பிழைத்தமைக்குக் காரணம், யாரோ ஒருவர் அவற்றைக் கொட்டகையில் வைத்து மூடிவிட்டார் என்பதாகும். நம் நாட்டில் அவை பிழைத்தது ஓயாமல் உழைத்ததனால். வெளிநாட்டு உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்காத காலத்தில், நம் பட்டறைக்காரர்கள் தேய்ந்த உறுப்பைக் கடைசலில் ஏற்றித் தாமே செய்துகொண்டனர். பெட்ரோல் செலவைத் தாங்கமாட்டாதவர்கள் டீசல் யந்திரத்தை மாற்றிப் பூட்டினர். 6 வோல்ட் மின்னமைப்பு 12 வோல்ட் ஆயிற்று. பின்புறத்தில் பலகை ஆசனங்கள் வந்தன. அரியானாவிலுள்ள மண்டி டப்வாலி என்னும் ஊர், ராணுவம் கழித்த ஜீப்புகளைப் பிரித்துக் கோத்துப் புதுக்கி விற்பதனாலேயே பெயர் பெற்றது.

பின்னர் இந்நாட்டிலேயே இத்தகைய வண்டிகள் உருவாகத் தொடங்கின. 1940களின் இறுதியில் அன்றைய பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வருவித்துப் பூட்டலாயினர். சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியாரும் கூடி 1955இல் என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவினர். எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் வேண்டுமென இந்திய ராணுவம் புல்லட் வண்டியைத் தேர்ந்தெடுத்ததே இம்முயற்சிக்கு ஊக்கமளித்தது. 1970களின் தொடக்கத்தில் பிறந்த நாட்டில் அக்கம்பெனி மறைந்துபோயிற்று. திருவொற்றியூரில் புல்லட்டின் ஓசை ஓயவில்லை. 1977இல் அங்கே செய்த வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. ராணுவத்தில் உழைத்துக் கழிந்த புல்லட்டுகளை ஏலத்தில் எடுத்துச் செப்பனிடுவோர் இன்றும் உளர். ஜபல்பூரில் ஜப்பானின் நிஸ்ஸான் கம்பெனியின் மாதிரியைக் கொண்டு உருவான ஜோங்காவும், ஜெர்மனியின் மான் கம்பெனியின் உரிமத்தின்பேரில் உருவான சக்திமான் லாரியும் இதே வரிசையைச் சேர்ந்தவை. ஜபல்பூரில் பணியாற்றிய நம்மவர் இல்லங்களில் ஜோங்காவைப் பற்றி ஒரு கதையேனும் இருக்கும்.

இனி, செப்பனிடும் கலைக்கு வருவோம். பழைய வண்டியை ஒருவர் வாங்கியதும் முதலில் செய்யவேண்டியது அதனைப் படிப்பது. போர்டு கம்பெனியார் தாம் செய்த ஜீப்பின் ஆணிகளிலும் உறுப்புகளிலும் தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருந்தனர். அதைக் கொண்டு எந்தப் பாகம் எங்கே பிறந்தது என்று அறியலாம். யுத்தகால ஜீப்பின் முகப்புத் தகட்டில் ஒன்பது பிளவுகள் இருக்கும். யுத்தத்திற்குப் பின் பொதுமக்களுக்கென விற்ற ஜீப்பில் ஏழே இருக்கும். நம் ராணுவ வண்டிகளின் எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று உண்டு. அது பிரிட்டிஷ் காலத்து அரசாங்கச் சொத்து முத்திரையின் வழிவந்தது. அதனையடுத்து வரும் இரண்டு இலக்கங்கள், வண்டி ராணுவத்தில் சேர்ந்த ஆண்டைத் தெரிவிக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு வண்டி தன் ஜாதகத்தைத் தானே சொல்லிவிடுகிறது.

டில்லியில் ஒரு பட்டறையில் நாம் கண்ட காட்சி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஜீப் ஒன்றின் மூடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே நீலவர்ணம், அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே பச்சை, அப்பச்சையின்மேல் மங்கலான வெள்ளை நட்சத்திரத்தின் ஒரு மூலை. எல்லோரும் மகிழ்ந்து ஆரவாரித்தனர். அங்கிருந்த முதிய மிஸ்திரி மட்டும் பின்புறத்து ஆசனச் சட்டத்தைக் காட்டி, “இதை அறுத்து எறியச் சொல்கிறார்கள். நாற்பது வருஷம் ஜனங்கள் உட்கார்ந்து போனது இதன்மேல்தான், ஐயா” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை; கேள்வியாகவே சொன்னார். அந்தச் சட்டத்தை அறுத்தால்தான் நட்சத்திரத்தின் காலத்துக்கு வண்டி திரும்பும். அறுத்துவிட்டாலோ, நீலவர்ணத்தின் காலம் அடியோடு மறைந்துவிடும்.

சட்டமும் இக்கேள்வியில் இடம்பெற்றிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவு முறையை வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சொந்த உபயோகத்திற்கான இருசக்கர, நான்குசக்கர ஊர்திகளுக்கு அது பொருந்தும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். அணிவகுப்பு, கண்காட்சி, ஆராய்ச்சி முதலியவற்றிற்கு அவ்வூர்திகளைச் சாலையில் ஓட்டலாம்; அன்றாடப் போக்குவரத்திற்கு ஓட்டலாகாது. ஆனால் வண்டி மூல உருவில் இருத்தல் வேண்டும். அடிச்சட்டம், கூடு, யந்திரம் ஆகியவற்றில் பெருமாறுதல் செய்திருத்தல் கூடாது. டீசல் யந்திரம் ஏறிய பழைய ஜீப் இவ்விதியின் முன் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

வேறொரு விதியும் உண்டு. மத்திய மோட்டார் ஊர்தி விதிகளின்படி, ராணுவத்திற்குரிய ஆலிவ் பச்சை நிறத்தை வேறு எவரும் தம் ஊர்திக்குப் பூசலாகாது. ராணுவ வண்டியென்று மயங்கி எவரும் ஏமாறாதிருக்க இவ்விதி அவசியமே. எனினும், மூல உருவம் வேண்டும் என்கிறது ஒரு விதி. மூல நிறம் கூடாது என்கிறது மற்றொன்று. ஆகவே சட்டத்தை மதிக்கும் அன்பர்கள் மணல் நிறமோ வேறு வர்ணமோ பூசி அமைகிறார்கள். முழுமையான மீட்பு என்பது எத்துணை அரியது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பதையே அன்றாடப் பணியாகக் கொண்ட நமக்கு இவ்விக்கட்டு புதியதன்று. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் குற்றம். உள்ளதை விடுவதும் குற்றம். ஆனால் மூலமே பல கைகள் பட்டு வந்ததாயின் என் செய்வது? ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறார். பல சுவடிகளையும் ஒப்புநோக்கிச் சிறந்ததென்று தேர்ந்த பாடத்தை நூலில் வைத்தார். வேறு சுவடிகளில் கண்ட பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் காட்டினார். இதனால் படிப்பவருக்குத் தெளிவான நூலும் கிடைத்தது. அந்நூல் வந்த வழியும் மறையவில்லை.

ஜீப்பைச் செப்பனிடுவோரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். நட்சத்திரத்தின் காலத்திற்கே வண்டியைத் திருப்ப விரும்பினால் அவ்வாறே செய்யட்டும். ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொரு வர்ணத்தையும் படம் பிடித்து வைக்கவேண்டும். அறுத்தெடுத்த ஆசனச் சட்டத்தையும், கடைசலில் செய்த உறுப்பையும் பெட்டியிலிட்டு, எங்கே யாரால் செய்யப்பட்டது என்று சீட்டு எழுதி வைக்கவேண்டும். ஏலச் சீட்டையும் பழைய பதிவுப் புத்தகத்தையும் எறிந்துவிடலாகாது. எல்லா வண்டிகளும் ஒரே கோலத்தில் பளபளக்க வேண்டும் என்பதும் இல்லை. நீலவர்ணத்தோடும் பலகை ஆசனத்தோடும் ஒன்றிரண்டு வண்டிகளாவது நிலைத்திருக்குமானால், சுதந்திர இந்தியாவின் சாலைகளைப் பற்றி வருங்காலத்தவர் அவற்றிடமிருந்து அறிந்துகொள்வார்கள்.

இந்த ஆர்வம் பணம் படைத்தவர்களுக்கே உரியது என்று எண்ணி ஒதுங்கவும் வேண்டுவதில்லை. மகாராஷ்டிரத்தில் அகில்யா நகர் என இன்று வழங்கும் அகமதுநகரில், கவச ஊர்திப் படையினர் 1994இல் நிறுவிய டாங்கிக் காட்சிச்சாலை இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் கவசக் கார் முதல் பல நாட்டு டாங்கிகள் வரை அங்கே காணலாம். டில்லியில் 1964இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய மோட்டார் ஊர்வலம் பலருக்கும் அறிமுகமானது. நாகாலாந்தின் கொஹிமாவில், 1944ஆம் ஆண்டுப் போரில் சரிவில் உருண்டு வீழ்ந்த டாங்கி ஒன்று, வீழ்ந்த இடத்திலேயே நினைவுச் சின்னமாய் நிற்கிறது. அதை யாரும் புதுக்கவில்லை; புதுக்காமல் விட்டதே அங்கே சரியான பாதுகாப்பு.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் வாழும் ஊரில் பழைய பட்டறை ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே நரைத்த தலையுடன் மிஸ்திரி ஒருவரும் இருப்பார். ஏலத்தில் வந்த வண்டியை முதலில் பிரித்தவர் அவராகவோ, அவருடைய தகப்பனாராகவோ இருக்கலாம். அவர் சொல்லக்கூடியது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் பேசும் மொழி நமக்கு இரவல் மொழியாயினும், ஒரு மாலைப்பொழுது அவரருகே அமர்ந்து, கேட்டதைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்வோமாக. வண்டியைப் பின்னொரு நாளிலும் செப்பனிடலாம்; அவர் சொல்லைக் கேட்பதற்கு அவர் இருக்கவேண்டும்.