தமிழ் மின்னூல்களின் விலையும் கிடைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அச்சுநூலின் விலையில் தாள், அச்சு, கட்டுமானம் ஆகிய செலவுகள் அடங்கும். மின்னூலுக்கு இச்செலவுகள் இல்லை. ஆயினும் ஒரே நூல் ஓரிடத்தில் இலவசமாகவும் வேறிடங்களில் வெவ்வேறு விலைகளிலும் கிடைக்கிறது. பல நூல்கள் எங்குமே கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

விலையில்லாத் தொடக்கம்

தமிழ் மின்னூல் வணிகமாகத் தோன்றவில்லை. முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் இலக்கியங்களை விலையின்றி வழங்கியது.

இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். உரிமையாளருக்குத் தொகை வழங்கித் தமிழக அரசு மேற்கொள்ளும் நாட்டுடைமையாக்கம் இக்கால எல்லையைச் சுருக்கியது. 1954இல் மறைந்த கல்கியின் படைப்புகள் 2015இல்தான் பொதுவுடைமையாகியிருக்கும். நாட்டுடைமையால் அவை முன்னரே பொதுவாயின. எனவே ‘பொன்னியின் செல்வன்’ மதுரைத் திட்டத்தில் விலையின்றியும், விற்பனைத் தளங்களில் பல பதிப்புகளாக விலைக்கும் கிடைக்கிறது.

சந்தையும் வரியும்

அமேசான் நிறுவனம் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் மின்னூல்களை அறிமுகப்படுத்தியது. விலையை நிர்ணயிப்பவர் பதிப்பாளரா விற்பனையாளரா என்னும் பூசல் அமெரிக்காவில் 2012இல் வழக்காகி, 2013இல் ஆப்பிள் நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. இந்தியாவில் இப்பூசலினும் தனியுரிமை நிபந்தனையே தாக்கம் மிக்கது எனலாம். கிண்டில் நேரடி வெளியீட்டில் இந்திய விற்பனைக்கு 70 விழுக்காட்டு உரிமத்தொகை பெற, மின்பதிப்பை வேறெங்கும் விற்காதிருத்தல் வேண்டும். இன்றேல் 35 விழுக்காடே கிட்டும். இந்நிபந்தனையை ஏற்ற நூல் ஒரே கடைக்குரியதாகிறது.

வரியும் விலையைப் பாதித்தது. அச்சுநூலுக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. மின்னூலுக்கோ 18 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2018 ஜூலை 27 முதல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எனினும் அச்சில் வெளிவந்த நூலின் மின்வடிவத்திற்கே இச்சலுகை உரியதாயிற்று.

முடிவுரை

மின்னூலின் விலையையும் கிடைப்பையும் ஆக்கச் செலவைவிட உரிமையும் ஒப்பந்தமுமே தீர்மானிக்கின்றன. பழைய நூல்கள் பொதுவுடைமையால் கிடைக்கின்றன. புதியவை சந்தையால் கிடைக்கின்றன. உரிமை முடியாமலும் மறுபதிப்புப் பெறாமலும் உள்ள இடைக்கால நூல்களே இரண்டிற்கும் வெளியே நிற்கின்றன. ஐதராபாத்தின் ஜீடிமெட்லா போன்ற தொழிற்பகுதியில் வாழும் தமிழ் வாசகருக்கு அத்தகைய நூல் விலை மிகுந்ததன்று, இல்லாத நூலேயாகும். நாட்டுடைமையாக்கத்தில் இந்நூல்களுக்கு முன்னுரிமை தருவதே இக்குறையை நீக்கும் வழியாகும்.