கோப்பையிலே இனிப்பு, வரலாற்றிலே கசப்பு

இலண்டன் மாநகரம், பிக்காடிலி வீதி, ரிட்ஸ் ஓட்டலின் பாம் கோர்ட் கூடம். பளிங்குத் தூண்கள், சரவிளக்குகள், மெல்லிசை. மேசைமீது மூன்றடுக்குத் தட்டு: வெள்ளரித் துண்டு வைத்த சாண்ட்விச், பாலாடையும் பழப்பாகும் சேர்த்துண்ணும் ஸ்கோன், விதவிதமான கேக். எதிரே உயிர் நண்பர். பேச்சு இனிக்கிறது, பொழுது பறக்கிறது!

இதனைக் குற்றம் என்போமா? ஒருக்காலும் இல்லை. இன்பத்துக்குப் பகைவர் அல்லர் நாம். நட்பும் நல்லுணவும் மனிதனுக்கு உரியவை. எந்த மனிதனுக்கு என்பதே நாம் கேட்கும் கேள்வி. அம்மேசையின் வரலாறே அதற்கு விடை பகர்கிறது.

இங்கிலாந்தில் தேயிலைமீது இருந்த 119 விழுக்காடு வரி, 1784-இல் 12.5 விழுக்காடாகக் குறைந்தது; விலை தாழ்ந்தது. ஆயினும், பிற்பகல் தேநீர் எனும் பழக்கம் மாளிகையிலேதான் பிறந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெட்போர்டு கோமகள் அன்னா, நண்பகல் உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையே எழுந்த பசிக்குத் தேநீரும் சிற்றுண்டியும் வரவழைத்தார், பின்னர்த் தோழியரையும் உடனழைத்தார் என்பர். உழைத்துக் களைத்தவரின் பசியன்று அது, ஓய்ந்திருந்தவரின் பசி!

1865-இல் லாங்காம், 1889-இல் சவாய், 1906-இல் ரிட்ஸ் எனப் பேரோட்டல்கள் எழுந்தன. மாளிகை வழக்கம் மாநகர்க் கூடத்துக்கு வந்தது. பிறப்பால் கிட்டாத நாற்காலி பணத்தால் கிட்டிற்று. முன்னேற்றந்தான், ஆனால், பாதி முன்னேற்றம்.

பெண்ணின் நிலை யாது? ஆண் துணையின்றி உணவுவிடுதிக்குச் செல்லும் பெண்ணைப் பழிதூற்றிய காலம் அது. அந்நிலையை மாற்றத் துணைநின்றவை எளிய தேநீர்க் கடைகள். 1864-இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி அத்தகைய கடையைத் திறந்தது; 1894-இல் ஜே. லயன்ஸ் நிறுவனம் பிக்காடிலியில் தனது முதற்கடையைத் தொடங்கியது. தோழியுடன் ஒரு பெண் அச்சமின்றி அமர்ந்து உரையாட இடம் கிடைத்தது. வாக்குரிமை கேட்ட வீராங்கனைகள் கூடிப் பேசிய இடங்களுள் தேநீர்க் கடைகளும் உண்டு. கோப்பை சிறிது, அது தந்த துணிவோ பெரிது!

நிறத்தின் நிலை யாது? 1943-இல், டிரினிடாடு தந்த கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், முன்பதிவு செய்திருந்தும், இலண்டன் ஓட்டல் ஒன்றில் குடும்பத்தோடு தொடர்ந்து தங்க மறுக்கப்பட்டார். கறுப்பர் என்பதே அவர் குற்றம்! நீதிமன்றம் ஏறினார், 1944-இல் வென்றார். இழப்பீடு 5 கினி; எழுப்பிய கேள்வியோ விலைமதிப்பற்றது. பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1965-இல்தான் வந்தது.

இனி, கோப்பைக்குள் நோக்குவோம். 1867-இல் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் மலைமலையாகத் தோட்டங்கள் பரவின. அங்கே இலை கொய்தவர் யார்? தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து சென்ற நம்மவர்! கங்காணியின் முன்பணக் கடன் கழுத்தை நெரிக்க, லயங்களில் ஒடுங்கி வாழ்ந்தனர். கூடை நிறைந்தது, வயிறு நிறையவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டமோ அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் 2003-இல்தான் பிறந்தது. உலகுக்குத் தேநீர் தந்தவர்க்கு ஒரு நாடு கிடைக்க இத்தனை ஆண்டுகள்!

மேசை தானாக விரியவில்லை, தோழர்களே! பெண் துணிந்தாள், விரிந்தது; கறுப்பர் வழக்காடினார், விரிந்தது. கேட்டவர்க்கே இடம் கிடைத்தது. கேளாமல் எவரும் தந்ததில்லை.

நண்பருடன் அமர்வோம், தேநீர் அருந்துவோம், மகிழ்வோம். ஆனால், எதிரே இருப்பவர் மட்டுமே நம் நண்பர் அல்லர். இலை கொய்த கரத்துக்கு உரியவரும் நம் தோழரே. தாம் கொய்த இலையின் சாற்றை அவரும் அதே மேசையில், நிமிர்ந்த தலையுடன் பருகும் நாள்வரை, அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி வெறுமையாகவே இருக்கிறது.