வருசநாட்டு ஜீப்பும் ஆயில் ஊசியும்

வருசநாட்டைத் தாண்டினால் தார்ச்சாலை மெலிந்துகொண்டே போய்க் கல்லும் மண்ணுமாகிவிடும். அரசரடி, இந்திரா நகர், பொம்மராஜபுரம் என மலைமேல் கிடக்கும் ஊர்களுக்கு அரிசி மூட்டை ஏறுவதும் அங்கிருந்து விளைச்சல் இறங்குவதும் ஜீப்பை நம்பித்தான். பழைய ஜீப்பின் டேஷ்போர்டில் இரண்டு மீட்டர்களுக்கு டிரைவர்கள் தனி மரியாதை தருவார்கள். ஒன்று சூடு காட்டுவது. அதன் ஊசி ஏறக் கூடாது. மற்றது ஆயில் பிரஷர் காட்டுவது. அதன் ஊசி இறங்கக் கூடாது.

இந்த இரண்டாவது ஊசியின் பூர்வீகம் பாரிஸ். நீராவி எந்திரங்கள் செய்துவந்த யூஜீன் பூர்தோன் 1849-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுருள் குழாய் ஒன்று வேலையின்போது நசுங்கிவிட, அதை நிமிர்த்த உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றினார்களாம். குழாய் உப்பியதோடு நில்லாமல் சுருள் பிரிந்து விரிந்தது. வளைந்த தட்டைக் குழாய் அழுத்தத்துக்கு ஏற்ப நிமிரும் என்ற அந்தக் கண்டுபிடிப்பில் ஓர் ஊசியைக் கோத்ததுதான் மீட்டர். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்பிலும் இதே ஏற்பாடுதான். இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய், எண்ணெயையே டேஷ்போர்டின் முதுகு வரை கொண்டுவரும். குழாய் விரிசல் விட்டால் டிரைவரின் காலில் சூடாகச் சொட்டும். இதைவிட நேர்மையான எச்சரிக்கை எந்த வண்டியிலும் இருந்ததில்லை!

போர் முடிந்து 1940-களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்குக்கு அது தேவைப்பட்டது. அதற்கு முன், மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர 1908 முதல் சிறு ரயில் ஓடியது. அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தாலும் மலையடிவாரத்தோடு நின்றுகொண்டது. அதற்கு மேல் போடிமெட்டு ஏற்றம் 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த மேட்டில் நாள்தோறும் முக்கும் வண்டிக்கு, எண்ணெய் உயிர்நாடி.

மேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டி மூக்கைத் தூக்கினால் அடிச்சேம்பரில் இருக்கும் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் வாய் காற்றைக் குடித்தால் ஊசி துள்ளும். வில்லிஸ் இன்ஜினில் அந்த வாய் எண்ணெய் மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அடியில் படியும் கசடையும் அது தொடாது. ஆனால் எண்ணெயே குறைந்திருந்தால் மிதவை என்ன செய்யும்? வளைவில் மட்டும் ஊசி துள்ளுகிறது என்று டிரைவர் சொன்னதும் அனுபவசாலி மெக்கானிக் ஸ்பானரைத் தொடாமல் டிப்ஸ்டிக்கை உருவுவது இதனால்தான்.

அந்தக் குச்சியில் பாதிக் கதை இருக்கும். மட்டம் குறைந்திருந்தால் ஒழுக்கு, அல்லது எண்ணெய் புகையாகப் போகிறது. மட்டம் ஏறியிருந்தால்? புதிதாக வந்தவர் மகிழ்ந்துபோவார். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எண்ணெயில் இறங்கியிருக்கிறது என்பது அதன் பொருள். மோந்து பார்த்தால் தெரியும். எண்ணெய் நீர்த்துப்போனதால் ஊசி படுக்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாதபோதுதான் பேரிங்கின் மீது சந்தேகம் விழும். ஆயில் பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. தென்னந்தோப்பில் ஹோஸின் வாயை விரலால் அடைத்தவருக்கு மீதி விளங்கும்: வாய் குறுகினால் அழுத்தம், அகன்றால் வெறும் ஒழுக்கு. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி தேய்ந்து அகலும்போது, சூடேறிய எண்ணெய் வழிந்தோடிவிடுகிறது. காலையில் நன்றாக நிற்கும் ஊசி, மலையேறிச் சூடானபின் ஐட்லிங்கில் படுத்துக்கொள்வது இந்தத் தேய்மானத்தின் அடையாளம். பழைய பெட்ரோல் ஜீப்பில் சூடான ஐட்லிங்கில் 10 பவுண்டை ஒட்டியும், ஓட்டத்தில் 30 பவுண்டை ஒட்டியும் நின்றால் குறையில்லை என்பது கணக்கு.

பழைய வண்டி விற்பவர்களும் இந்தக் கணக்கை அறிவார்கள். பம்பில் ரிலீஃப் வால்வ் என்று ஒன்று உண்டு. அழுத்தம் மிஞ்சினால் ஸ்பிரிங் அமுங்கி எண்ணெயைத் திருப்பி விடும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் செருகினால் ஊசி கம்பீரமாக ஏறும், தேய்ந்த இன்ஜின் புதிதுபோல் தோன்றும். ஆனால் வாஷர் உச்சத்தை மட்டுமே உயர்த்தும். ஐட்லிங்கில் அந்த வால்வ் எப்படியும் மூடித்தான் இருக்கும். ஆகவே விவரமானவர் வண்டியை மேடேற்றிச் சூடாக்கி, நிறுத்தி, ஐட்லிங்கில் ஊசியைப் பார்ப்பார். கெட்டி எண்ணெய் ஊற்றி மறைத்ததும் அந்தச் சூட்டில் வெளுத்துவிடும். ஊசி வழக்கத்துக்கு மேல் நின்றாலும் நல்லதல்ல. வால்வ் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வழி அடைத்திருக்கலாம். இன்ஜினை அணைத்தபின்னும் சுழிக்கு வராத ஊசி என்றால் கெட்டது மீட்டர்தான்.

1979-இல் மகிந்திரா பிரான்சின் பெஜோவிடம் டீசல் இன்ஜினுக்கு உரிமம் வாங்கியது. டீசலின் மலிவைப் பார்த்துப் பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் மாட்டியவர்களும் உண்டு. புகைக்கரி கலந்து எண்ணெய் சீக்கிரம் கறுத்ததால், நிறத்தை வைத்துக் குறை சொல்லும் பழக்கம் செல்லாமல் போயிற்று. 1983-இல் மாருதி 800 வந்தபோது அதில் ஊசியே இல்லை. சிவப்பு எண்ணெய்க்குடம் வரைந்த ஒரு விளக்குதான். இப்படிப்பட்ட விளக்குகள் பெரும்பாலும் அழுத்தம் 7 பவுண்டை ஒட்டி விழுந்தபிறகே எரியும். சூடான இன்ஜின் மேட்டில் 30-லிருந்து 15-க்கு இறங்கும் கதை அதற்குத் தெரியாது.

விளக்குக்கு வேறு நோய்களும் உண்டு. பிரஷர் சுவிட்சுக்குப் போகும் வயர் உரசித் தோலுரிந்து பாடியைத் தொட்டால், இன்ஜின் நன்றாக இருக்கும்போதே எரியும். அதனால் விளக்கெரிந்து வரும் காரில் மட்டம் பார்த்த மெக்கானிக், அடுத்து சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பூர்தோன் காலத்து மீட்டர் ஒன்றை முறுக்கி மாட்டுகிறார். வயர் அறுந்தாலோ நிலைமை இன்னும் மோசம், விளக்கு ஒருபோதும் எரியாது. சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பாமல் ஒரு கணம் நிறுத்தினால் அது எரிந்தாக வேண்டும். எரியாத காரை மலைக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டால் பட்டறையில் சிரிப்பார்கள்.